இறக்கைக்கு ஒரு மெல்லிய சட்டை

மாதிரி விமானத்தின் இறக்கையைப் போர்த்தும் தாளின் எடை ஒரு கிராம் சொச்சம்தான். ஆனால் விமானம் நேராகப் பறப்பதும் தரையில் குத்துவதும் அதன் கையில்தான் இருக்கிறது.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளி அறிவியல் கழக மாணவர்கள் ஆறு பேர் ரப்பர் விசையால் பறக்கும் மாதிரி விமானங்களைச் செய்தார்கள். பால்சா மரக்குச்சிகளால் சட்டம், அதன்மேல் வண்ண டிஷ்யூ தாள், முன்னால் ஓர் உந்துவிசிறி. ஒவ்வொன்றும் 50 சென்டிமீட்டர் இறக்கை நீளம், ஏறத்தாழ 18 கிராம் எடை. போட்டிக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, பள்ளி மண்டபத்தில் ஆறும் அழகாக வட்டமிட்டன.

இரண்டாம் படிவ மாணவி ஒருவரின் விமானத்தில் மட்டும், வலது இறக்கையின் மேல்தாளில் சில சுருக்கங்கள் தெரிந்தன. "இன்னொரு தடவை தண்ணீர் தெளிச்சு விடும்மா, சரியாயிடும்" என்றேன். அவரும் தெளித்துவிட்டு, விமானத்தை அலமாரிமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை போட்டித் திடலில் அந்த விமானம் கையைவிட்டுப் புறப்பட்டதும் வலப்பக்கம் சாய்ந்தது. சாய்வு கூடிக்கொண்டே போய், நான்கு விநாடிகளில் மூக்கு மண்ணில் குத்தியது.

"நேத்து நல்லாத்தானே பறந்துச்சு, சார்" என்றார் மாணவி.

"தூக்கிட்டு வரும்போது எங்கேயாவது அழுத்திட்டியா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஆய்வுக்கூட மேசைமேல் அந்த இறக்கையை வைத்துப் பார்த்தபோதுதான் உண்மை புரிந்தது. வலது இறக்கை நுனியின் பின்விளிம்பு மேசையிலிருந்து ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டர் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. யாரும் அதை அழுத்தவில்லை. நான் தெளிக்கச் சொன்ன தண்ணீர்தான் அந்த வேலையைச் செய்திருந்தது.

ஒரு தாள் எப்படி மரத்தை வளைக்கிறது? அதைத் தெரிந்துகொண்டால், இறக்கையைப் போர்த்தும் கலையில் பாதி கைவந்துவிடும்.

சப்பாத்துப் பெட்டி சொல்லும் பாடம்

முதலில் ஒரு கேள்வி. இறக்கைக்குத் தாள் எதற்கு? காற்று ஊடே போகாமல் தடுக்க என்பீர்கள். சரிதான். ஆனால் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு.

வீட்டில் உள்ள காலியான சப்பாத்துப் பெட்டி ஒன்றை எடுங்கள். மூடியில்லாமல் இரு முனைகளையும் பிடித்து, துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். எளிதாக முறுக்கிக்கொள்ளும். இப்போது மூடியைப் போட்டு, சுற்றிலும் பசை நாடா ஒட்டிவிட்டு முறுக்குங்கள். பெட்டி அசையாது. கூடுதலாகச் சேர்ந்தது ஓர் அட்டை மட்டும்தான்.

முறுக்கும்போது பெட்டியின் திறந்த வாய் செவ்வக வடிவத்தை இழந்து சாய்கிறது. அதன் ஒரு மூலைவிட்டம் நீள்கிறது, மற்றொன்று குறுகுகிறது. மூடியை ஒட்டிவிட்டால் அந்த மூலைவிட்டம் நீள முடியாது, அட்டை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. இறக்கைச் சட்டத்தின்மேல் ஒட்டிய தாளும் இதே வேலையைத்தான் செய்கிறது. மெல்லிய தாளை அமுக்கினால் மடங்கிவிடும், ஆனால் இழுத்தால் உறுதியாகத் தாங்கும். அதனால்தான் தாள் முரசுத்தோல்போல் விறைப்பாக இருக்க வேண்டும். தொய்வாக இருந்தால், அந்தத் தொய்வு தீரும்வரை இறக்கை முறுக்கிக்கொள்ளும்.

ரைட் சகோதரர்கள் இதை அறிந்திருந்தார்கள். 1903ஆம் ஆண்டு பறந்த அவர்களின் விமானத்துக்கு மெல்லிய பருத்தித் துணியைத்தான் போர்த்தினார்கள். நெசவு இழைகள் இறக்கைக்கு 45 பாகை சாய்வாக அமையும்படி துணியை வெட்டித் தைத்தார்கள். ஒவ்வோர் இழையும் ஒரு மூலைவிட்டமாகி, சட்டத்தை இழுத்துப் பிடித்தது.

நம் கிளந்தான் வாவ் பட்டத்திலும் இந்தக் கூட்டணியைக் காணலாம். பழைய 50 சென் நாணயத்தில் வாவ் புலான் பட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். மூங்கில் சட்டமும் தாளும் தனித்தனியே நொய்ந்தவை, ஒன்று சேர்ந்தால் காற்றை எதிர்த்து நிற்கும்.

இழுபட்டதை மறக்காத பொருள்கள்

சரி, தாளை எப்படி விறைப்பாக்குவது? எவ்வளவு கவனமாக ஒட்டினாலும் கையால் முழு விறைப்பைக் கொண்டுவர முடியாது. அதனால் முதலில் ஓரளவு நேராக ஒட்டி, பிறகு தண்ணீர் தெளிக்கிறோம். நனைந்ததும் தாள் தொளதொளவென்று தொங்கும். முதன்முறை செய்பவர்கள் பயந்துவிடுவார்கள். உலர்ந்ததும் பார்த்தால் சுருக்கமெல்லாம் போய், விரலால் தட்டினால் ஒலி எழுப்பும் அளவுக்கு இறுகியிருக்கும்.

இதற்கான காரணம் காகித ஆலையில் இருக்கிறது. அங்கே ஈரத்தாள் உருளைகளுக்கு இடையே இழுத்துப் பிடித்த நிலையிலேயே உலர்த்தப்படுகிறது. உலரும்போது அது சுருங்கப் பார்க்கிறது, ஆனால் இயந்திரம் விடுவதில்லை. அந்த இழுவிசை இழைகளுக்குள் பூட்டப்பட்டுவிடுகிறது. நாம் தெளிக்கும் தண்ணீர் இழைகளுக்கு இடையே உள்ள பிணைப்புகளைத் தளர்த்தி, அந்தப் பூட்டைத் திறக்கிறது. தாள் மறுபடி உலரும்போது, அன்று சுருங்க முடியாமல் போனதை இன்று சுருங்கித் தீர்த்துக்கொள்கிறது.

கடைகளில் கிடைக்கும் பாலியெஸ்டர் படலத்தின் கதையும் இதேதான். தண்ணீர் போத்தல் செய்யும் பிளாஸ்டிக் குடும்பத்தைச் சேர்ந்தது இது. ஆலையில் சூடாக இருக்கும்போதே நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்து, அப்படியே குளிர வைத்துவிடுகிறார்கள். நீண்ட மூலக்கூறுகள் இழுபட்ட நிலையில் உறைந்துபோகின்றன. இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டதும் அவை பழைய சுருண்ட நிலைக்குத் திரும்பப் பார்க்கின்றன. தாளின் பூட்டுக்குச் சாவி தண்ணீர், படலத்தின் பூட்டுக்குச் சாவி வெப்பம்.

எந்தச் சாவியைப் போட்டாலும் விளைவு ஒன்றே. போர்வை சுருங்குகிறது, சுருங்கும்போது சட்டத்தையும் சேர்த்து இழுக்கிறது. மேல்தாளும் கீழ்த்தாளும் சமமாக இழுத்தால் இறக்கை நேராக நிற்கும். ஒன்று மட்டும் கூடுதலாக இழுத்தால், மெல்லிய பின்விளிம்பு அந்தப் பக்கம் வளைந்துவிடும். எங்கள் மாணவியின் விமானத்தில் நடந்தது அதுதான். மேல்தாளை மட்டும் மறுபடி நனைத்தோம். இறக்கையைப் பலகையில் பொருத்தி வைக்காமல் விட்டோம். இரவு முழுக்க அது உலர்ந்து, பின்விளிம்பை மேலே இழுத்துவிட்டது. பின்விளிம்பு உயர்ந்த இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் குறையும், கோணம் குறைந்தால் தூக்குவிசையும் குறையும். விமானம் அந்தப் பக்கம் சாயாமல் வேறென்ன செய்யும்?

ஒரு கிராம் என்றால் சும்மாவா?

"அவ்வளவு மெல்லிய தாள் எதற்கு? சாதாரண வெள்ளைத்தாளை ஒட்டினால் கிழியாதே" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இறக்கையின் நீளம் 50 சென்டிமீட்டர், அகலம் 10 சென்டிமீட்டர். மேலும் கீழுமாகப் போர்த்த 1,000 சதுர சென்டிமீட்டர், அதாவது 0.1 சதுர மீட்டர் தாள் வேண்டும். மாதிரி விமானங்களுக்கான நல்ல டிஷ்யூ தாள் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 12 கிராம் இருக்கும். ஆக 1.2 கிராம். நகல் எடுக்கும் வெள்ளைத்தாள் ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம். ஆக 8 கிராம்.

வித்தியாசம் 6.8 கிராம்தான். ஆனால் 18 கிராம் விமானம் அதனால் ஏறக்குறைய 25 கிராம் ஆகிவிடுகிறது. தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அந்தக் கூடுதல் எடையைத் தாங்க விமானம் சுமார் 17 விழுக்காடு வேகமாகப் பறந்தாக வேண்டும். ரப்பரில் சேர்த்து வைத்த ஆற்றலோ அதே அளவுதான். பறக்கும் நேரம் குறைந்துவிடும்.

எடை எங்கே சேர்கிறது என்பதும் முக்கியம். ஈர்ப்பு மையத்திலிருந்து வால் 30 சென்டிமீட்டரும் மூக்கு 10 சென்டிமீட்டரும் தள்ளியிருந்தால், வாலில் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் மூன்று கிராம் களிமண் ஒட்ட வேண்டும். அதனால் இருப்பதிலேயே மெல்லிய தாளை வாலுக்கு ஒதுக்குங்கள். சாயம் பூசுவதையும் தவிர்த்துவிடுங்கள். வண்ணம் வேண்டுமானால் வண்ணத் தாளையே வாங்கலாம்.

இந்த எடைக் கணக்கை எல்லைவரை கொண்டுபோனவர்கள், மண்டபத்துக்குள் பறக்கும் மாதிரி விமானங்களைச் செய்பவர்கள். நைட்ரோசெல்லுலோஸ் கரைசலைத் தண்ணீர்மேல் ஊற்றினால் அது மைக்ரோன் கணக்கில் மெலிந்த படலமாகப் பரவும். அதைக் கம்பி வளையத்தால் தூக்கி இறக்கைக்குப் போர்த்துவார்கள். சவர்க்காரக் குமிழிபோல் வானவில் நிறங்கள் காட்டும் அந்த விமானங்கள், சுற்றிய ரப்பரின் விசையிலேயே அரைமணி நேரத்துக்கும் மேல் பறந்திருக்கின்றன.

இளமையில் மாதிரி விமானப் போட்டிகளில் வென்ற பால் மெக்ரெடி என்ற அமெரிக்கப் பொறியாளர் இதே சிந்தனையைப் பெரிய விமானத்துக்குக் கொண்டுபோனார். அவர் உருவாக்கிய 'கோசமர் கொண்டோர்' விமானத்தின் இறக்கை 29 மீட்டர் நீளம், எடையோ 32 கிலோகிராம் அளவுதான். போர்வை மெல்லிய பாலியெஸ்டர் படலம். 1977 ஆகஸ்டு 23ஆம் நாள், மிதிவண்டிபோல் மிதித்தே அது எட்டு வடிவப் பாதையைச் சுற்றி முடித்தது. 1979இல் அதன் அடுத்த வடிவம் ஆங்கிலக் கால்வாயையே கடந்தது.

நம் ஊர் ஈரப்பதம்

குளிர்நாட்டுக் கையேடுகளைப் பார்த்துச் செய்பவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. தாள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் நாட்டில் அதிகாலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். வெயில் ஏறினால் குறையும், மாலை மழை வந்தால் மறுபடி கூடும். குளிர்சாதன அறையில் விறைப்பாக இருந்த தாள் காலைத் திடலில் தொய்ந்து போகும். பகல் வெயிலில் மறுபடி இறுகும்.

இதைத் தடுக்கத் தாளின்மேல் மெல்லிய பூச்சு தேவை. பழங்காலம் தொட்டுப் பயன்பட்டது டோப் எனப்படும் நைட்ரோசெல்லுலோஸ் திரவம். அது தாளின் துளைகளை அடைத்து, உலரும்போது இன்னும் இறுக்கும். இறுக்கம் மிஞ்சாமலிருக்கச் சில துளி ஆமணக்கெண்ணெய் கலப்பார்கள். ஆனால் அது சட்டென்று தீப்பற்றும், ஆவியும் உடலுக்குக் கெடுதல். பள்ளியிலும் வீட்டிலும் அது வேண்டாம். ஓவியக் கடைகளில் கிடைக்கும் நீர்சார்ந்த அக்ரிலிக் பூச்சை நீர்க்கக் கலந்து, மென்மையான தூரிகையால் ஒரே ஒருமுறை பூசினால் போதும். பூசும் முன்னும் உலர்ந்த பின்னும் நிறுத்துப் பாருங்கள். கூடிய எடை தாளின் எடையைத் தாண்டினால், பூச்சு அதிகம் என்று அர்த்தம்.

பாலியெஸ்டர் படலம் ஈரத்தைப் பொருட்படுத்தாது. ஆனால் ரகத்தைப் பொறுத்து அது டிஷ்யூ தாளைவிடப் பல மடங்கு கனக்கும். பெரிய மின்விசை விமானங்களுக்கு அது ஏற்றது.

போர்த்தும் முறை

சட்டத்தை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, விரலால் தடவிப் பாருங்கள். விரலுக்குத் தட்டுப்படும் மேடெல்லாம் தாளின்மேலும் தெரியும்.

அடுத்து, தாளின் இழைத்திசையைக் கண்டுபிடியுங்கள். இழைவாக்கில் கிழித்தால் நேராகக் கிழியும், குறுக்கே கிழித்தால் கோணலாகப் போகும். படித்து முடித்த நாளிதழிலும் இதைச் சோதிக்கலாம். ஈரம் பட்டால் இழைகள் நீளத்தைவிட அகலத்தில்தான் அதிகம் பருத்துச் சுருங்கும். எனவே இழைத்திசை இறக்கையின் நீளவாக்கில் இருக்கட்டும்.

சட்டத்தின் வெளிவிளிம்புகளில் பசைக்குச்சியைத் தடவி, நடுவிலிருந்து நுனி நோக்கித் தாளை ஒட்டுங்கள். முதலில் கீழ்ப்பக்கம், பிறகு மேல்பக்கம். வளைந்த நுனிக்குத் தனித் துண்டு வேண்டும். ஆரஞ்சுப் பழத்தை ஒரே தாளால் சுருக்கமில்லாமல் சுற்ற முடியாதல்லவா?

பசை காய்ந்ததும், செடிக்குத் தெளிக்கும் குப்பியால் இரு பக்கமும் ஒரே அளவு நீர்த்தூவல் விடுங்கள். உடனே இறக்கையைச் சமதளப் பலகையில் குண்டூசிகளால் பொருத்துங்கள். கீழேயும் காற்றோட்டம் இருக்கும்படி சிறு மரத்துண்டுகள்மேல் வையுங்கள். முழுமையாக உலரும்வரை, முடிந்தால் ஓரிரவு, தொடாதீர்கள்.

முறுக்கிய இறக்கையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கொதிகெண்டியின் நீராவியில் சில விநாடிகள் காட்டி, எதிர்ப்பக்கம் சற்றே கூடுதலாக முறுக்கிப் பிடித்து ஆறவிட்டால் நேராகிவிடும். ஆவி சுடும், எனவே பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

எங்கள் மாணவியின் இறக்கையையும் அப்படித்தான் சரிசெய்தோம். அதற்கு முன் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும், தவறு என்னுடையது என்றும், காரணம் தெரியாமல் அவரைக் கேட்டது சரியில்லை என்றும் சொன்னேன். அவர் இறக்கையைக் கையில் எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கத்திலிருந்து நீளவாக்கில் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் இருக்கு, சார்" என்றார். மறுபடி ஆவி காட்டினோம்.

அன்று மாலை பள்ளித் திடலில் அது இரண்டு வட்டம் சுற்றிவிட்டுப் புல்லில் இறங்கியது. இப்போது எங்கள் கழகத்தில் யாரும் அந்த ஒற்றைக்கண் பார்வை பார்க்காமல் விமானத்தைப் பறக்கவிடுவதில்லை. நீங்களும் பார்த்துவிட்டே விடுங்கள்.