தேதி முடிந்த பாக்கெட்: நமக்கா, மாட்டுக்கா?

படூர் போன்ற பழைய மாமல்லபுரம் சாலையோர ஊர்களில் மாட்டுக் கொட்டகையும் உண்டு, சூப்பர் மார்க்கெட்டும் உண்டு. அதனால் தேதி முடிந்த பாக்கெட் பல வீடுகளில் கடைசியாகப் போய்ச் சேருவது மாட்டுத் தொட்டிக்குத்தான்.

பாக்கெட்டில் இருவகைத் தேதி வரும். ‘பெஸ்ட் பிஃபோர்’ என்பது சுவை, மணம் குறையாத காலம். அது தாண்டிச் சில நாளான ரவையையோ பிஸ்கட்டையோ உறை பிரியாமல், வண்டும் சிக்கு வாடையும் இல்லாமல் இருந்தால் சாப்பிடலாம். ‘யூஸ் பை’, ‘எக்ஸ்பைரி’ என்றிருந்தால் அந்த நாளுக்குப் பின் தொடக் கூடாது. கடையில் விற்கவும் கூடாது. பிரித்த பாக்கெட்டுக்கு எந்தத் தேதியும் செல்லாது. கடலோர ஈரக் காற்றில் மாவு அதற்கு முன்பே பூசணம் பிடிக்கும்.

பூசணம் பிடித்ததை, ‘மாடாவது தின்னட்டும்’ என்று போடுவதுதான் பெரிய தவறு. நிலக்கடலை, மக்காச்சோளம், பிண்ணாக்கில் வளரும் ஒருவகைப் பூசணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். ஈரலைக் கெடுக்கும் நஞ்சு இது. கொதிக்க வைத்தாலும் அழியாது; பூசணத்தைத் தட்டிவிட்டாலும் உள்ளே தங்கிவிடும். மாடு தின்றால் ஒரு பகுதி பாலில் இறங்கும். அந்த நஞ்சு ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது உணவுப் பாதுகாப்பு விதி. அந்தப் பாலை முதலில் குடிப்பது நம் வீட்டுப் பிள்ளை.

பூசணம் கண்டதை எருக்குழியில் போட்டு, கோழி கிளறாதபடி மண் மூடிவிடுங்கள்.