திலாவரின் ஐந்து நாட்கள்

சென்ற வாரம், இராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்க வீரர்கள் கைதிகளை வதைத்ததைக் காட்டும் புகைப்படங்களைப் பற்றிப் பார்த்தோம். அந்தக் கொடுமை இராக்கில் தொடங்கியதல்ல. அதற்கு ஓராண்டு முன்பே ஆப்கானிஸ்தானில், அமெரிக்க ராணுவத்தின் பக்ராம் தளத்தில் அது அரங்கேறிவிட்டது. அலெக்ஸ் கிப்னி இயக்கிய ‘டாக்ஸி டு த டார்க் சைட்’ (2007) அந்தக் கதையைச் சொல்கிறது. சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற படம் இது.

அந்தக் கதையின் மையத்தில் இருக்கும் திலாவருக்கு வயது 22. யாகூபி என்ற சிற்றூர்க்காரர். ஒரு பெண் குழந்தையின் தகப்பன். குடும்பம் வாங்கிக் கொடுத்த காரை டாக்ஸியாக ஓட்டிவந்தார். 2002 டிசம்பர் 5 அன்று கோஸ்த் நகரில் மூன்று பயணிகளை ஏற்றிக்கொண்டு திரும்பியவரை ஆயுதக்குழு ஒன்று வழிமறித்தது. அருகிலிருந்த அமெரிக்க முகாம்மீது ராக்கெட் வீசியவர்கள் என்று சொல்லி, நால்வரையும் ராணுவத்திடம் ஒப்படைத்தது. பிறகு அந்தக் குழுவின் தலைவன்மீதே ராக்கெட் வீசிய சந்தேகம் விழுந்தது.

பக்ராமில் திலாவரின் கைகளை அறையின் கூரைக் கம்பியில் விலங்கிட்டு, தூங்கவிடாமல் நிற்கவைத்தார்கள். அவர் நின்ற கோலத்தைக் காவலர் ஒருவரே கோட்டோவியமாக வரைந்திருக்கிறார். படத்தில் அதைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. முழங்காலுக்குச் சற்று மேலே, தொடையின் பக்கவாட்டில் மாறி மாறி இடித்தார்கள். அடி விழும்போதெல்லாம் அவர் “அல்லா” என்று அலறுவதைக் கேட்பதற்காகவே அடித்தவர்களும் உண்டு. டிசம்பர் 10 அன்று அவர் இறந்தார். கால் தசைகள் கூழாகியிருந்தன. பஸ் ஏறியதுபோன்ற காயம் என்றார் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர். விசாரித்தவர்களில் பெரும்பாலோர் அதற்குள் அவர் நிரபராதி என்றே நம்பத் தொடங்கியிருந்தார்கள்.

இயற்கை மரணம் என்றது ராணுவம். நியூயார்க் டைம்ஸ் நிருபர் கார்லோட்டா கால் திலாவரின் குடும்பத்தைத் தேடிப்போனார். ராணுவம் அவர்களிடம் கொடுத்திருந்த இறப்புச் சான்றிதழ் ஆங்கிலத்தில் இருந்தது. அதில் இருந்ததை அவர்களால் படிக்க முடியவில்லை. நிருபர் படித்தார்: கொலை என்று குறிக்கப்பட்டிருந்தது.

கிப்னியின் கேமரா அடித்த சிப்பாய்களோடு நின்றுவிடவில்லை. அவர்களையும் பேசவிட்டு, அங்கிருந்து மேலே போகிறது. 2002 பிப்ரவரியில், அல்கொய்தா கைதிகளுக்கு ஜெனீவா ஒப்பந்தம் பொருந்தாது என்றும், தாலிபான்களுக்குப் போர்க்கைதி தகுதி கிடையாது என்றும் அதிபர் புஷ் முடிவெடுத்தார். எது கூடும், எது கூடாது என்ற எல்லைக்கோட்டை மேலிடமே அழித்தது. இளம் சிப்பாய்களிடம் கைதிகளை விட்டுவிட்டது.

இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியக் கைதிகளை விசாரித்த கடற்படை அதிகாரி, இயக்குநரின் தந்தை ஃபிராங்க் கிப்னி. மரணத்தை நெருங்கிய நிலையில் படத்தின் முடிவில் அவர் பேசுகிறார். கைதியை மனிதனாக நடத்தியும் ஒரு நாடு போரிட முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

பக்ராம் வழக்கில் கீழ்நிலை வீரர்கள் சிலர் தண்டிக்கப்பட்டார்கள். சிறைக்குப் போனவர்களும் சில மாதங்களில் வெளியே வந்துவிட்டார்கள். கொள்கை வகுத்தவர்களில் ஒருவர்கூட நீதிமன்றக் கூண்டில் நிற்கவில்லை. எந்த நாட்டுக் காவலில் ஒருவர் இறந்தாலும், அடித்தது யார் என்பதோடு நிறுத்தாதீர்கள். அனுமதித்தது யார் என்றும் கேளுங்கள்.

(தொடரும்)