கதவைச் சாத்தும் சர்வர்கள்

2019 ஜூலைத் தொடக்கத்தில், அமெரிக்காவின் ‘காப்’ சமூக வலைதளம் தன் பழைய மென்பொருளைக் கைவிட்டு ‘மாஸ்டடான்’ என்ற சமூக வலைதள மென்பொருளுக்கு மாறியது. தீவிர வலதுசாரிகளும் வெள்ளை இனவெறியர்களும் கூடும் இடம் என்று பெயரெடுத்த தளம் அது. 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் நகரின் யூத வழிபாட்டுத் தலத்தில் 11 பேரைச் சுட்டுக் கொன்றவன், அதற்குச் சற்று முன்பு பதிவு போட்டது காப்பில்தான். அதன் பிறகு பணப் பரிமாற்ற நிறுவனங்கள் அந்தத் தளத்தைக் கைகழுவின. கூகுள், ஆப்பிள் கடைகளில் அதன் செயலிக்கு முன்பே இடமில்லை. மாஸ்டடானுக்கு மாறிவிட்டால் இந்தத் தடையைத் தாண்டிவிடலாம் என்று காப் கணக்குப் போட்டது. மாஸ்டடானுக்காக யாரோ எழுதிய செயலியிலேயே காப் கணக்கையும் திறந்துகொள்ளலாம் அல்லவா?

மாஸ்டடானை உருவாக்கிய ஜெர்மனியின் யூஜென் ரோச்கோவால் இதைத் தடுக்க முடியவில்லை. அது கட்டற்ற மென்பொருள். உரிமத்தின் நிபந்தனைகளை மதித்தால் யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால், எடுத்துக்கொண்டவரோடு எல்லோரும் பேசியே தீர வேண்டும் என்று எந்த உரிமத்திலும் எழுதவில்லை. மாஸ்டடான் சர்வர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காப்பைத் தடைப் பட்டியலில் சேர்த்தன. ‘டஸ்கி’ போன்ற செயலிகள், காப் முகவரியைக் கொடுத்தால் உள்ளே நுழைய முடியாதபடி மாற்றப்பட்டன. பிற்பாடு காப்பே பிற சர்வர்களோடு பேசும் வசதியை அகற்றிவிட்டது.

நீதிமன்ற உத்தரவு இல்லை, அரசாணை இல்லை, முடிவெடுக்கத் தலைமை அலுவலகம் என்று ஒன்றும் இல்லை. பிறகு எப்படி ஒரு தளம் முழுதும் தனித்து விடப்பட்டது?

ஃபேஸ்புக்கிலும் எக்ஸிலும் எல்லாக் கணக்குகளும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. மாஸ்டடான், விவாதக் குழுக்களுக்கான லெம்மி போன்றவற்றின் அமைப்பு வேறு. ஆயிரக்கணக்கான சர்வர்களைத் தனி மனிதர்களும் சங்கங்களும் பல்கலைக்கழகங்களும் தங்கள் செலவில் நடத்துகிறார்கள். ஜிமெயிலில் இருப்பவர் யாஹூவில் இருப்பவருக்கு மடல் எழுத முடிவதைப் போல, ஒரு சர்வரில் கணக்கு வைத்திருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம், பதில் எழுதலாம். இவற்றுக்கிடையிலான பொது மொழியின் பெயர் ‘ஆக்டிவிட்டிபப்’. வலைத் தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் அதை அங்கீகரித்தது. இந்தச் சர்வர்களின் கூட்டத்துக்கு ‘ஃபெடிவர்ஸ்’ என்று பெயர்.

நீங்கள் ஒரு பதிவு எழுதினால், உங்கள் சர்வர் அதில் மின்கையொப்பமிட்டு, உங்களைப் பின்தொடர்பவர்கள் இருக்கும் ஒவ்வொரு சர்வரின் உள்பெட்டிக்கும் ஒரு பிரதி அனுப்புகிறது. பெறும் சர்வர் முதலில் அனுப்புநரின் முகவரியைப் பார்க்கும். தடைப் பட்டியலில் இருந்தால் பதிவு அங்கேயே குப்பைக்குப் போகும். நடக்கும் தடை அவ்வளவுதான். இதைச் செய்ய மாஸ்டடானில் சர்வரை நடத்தும் அட்மினுக்கு ஒரு சிறு படிவம் போதும். ஒரு கட்டத்தில் சர்வரின் முகவரி. அடுத்ததில் கடுமையின் அளவு. ‘மட்டுப்படுத்து’ என்றால், ஏற்கெனவே பின்தொடர்பவர்கள் மட்டும் பார்க்கலாம், பொதுப் பார்வையிலிருந்து மறைந்துவிடும். ‘இடைநிறுத்து’ என்றால், இரு சர்வர்களுக்கும் இடையிலுள்ள அத்தனை பின்தொடர்தல்களும் அறுந்துபோகும். கீழே, காரணம் எழுத இன்னொரு கட்டம். அதைக் காலியாக விட்டாலும் பொத்தான் வேலை செய்யும்.

அந்தக் காலிக் கட்டம்தான் கவலை தருகிறது.

காப் விவகாரம் எளிது. அதன் பக்கம் நின்று வாதாட அதிகம் பேர் வரவில்லை. இடதுசாரிகளுக்கு நேர்ந்தது இன்னும் சிக்கலானது. 2020 ஜூன் 29 அன்று, விவாதத் தளமான ரெடிட்டை நடத்தும் நிறுவனம் சுமார் 2,000 குழுக்களை ஒரே அடியில் மூடியது. டிரம்ப் ஆதரவாளர்களின் பெரிய குழு ஒன்று அதில் போனது. கூடவே ‘சாப்போ டிராப் ஹவுஸ்’ என்ற தீவிர இடதுசாரிக் குழுவும் போனது. அதன் உறுப்பினர்கள் லெம்மி மென்பொருளைத் தங்களுக்கேற்ப மாற்றித் தனித் தளம் அமைத்துக்கொண்டார்கள். பிறகு அதற்கு ‘ஹெக்ஸ்பேர்’ என்று பெயர் வந்தது. சில ஆண்டுகள் அது வேறு சர்வர்களோடு இணையாமல் தனித் தீவாகவே இருந்தது.

2023-இல், பிற செயலிகள் ரெடிட்டின் தரவைப் பயன்படுத்துவதற்குப் பெருங்கட்டணம் விதிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான குழுக்கள் எதிர்ப்புக் காட்டின. கோபித்துக்கொண்டவர்களில் பலர் லெம்மிக்கு வந்தார்கள். ‘லெம்மி.வேர்ல்டு’ மளமளவென வளர்ந்து அங்கே மிகப்பெரிய சர்வரானது. அதே ஆண்டில் ஹெக்ஸ்பேரும் பிற சர்வர்களோடு இணையத் தயாரானபோது, லெம்மி.வேர்ல்டு முந்திக்கொண்டு தடை போட்டுவிட்டது. இணைந்த பிறகு மற்றவர்களின் குழுக்களில் எப்படி நடந்துகொள்வது என்று ஹெக்ஸ்பேரில் எழுதப்பட்டவற்றையே அதற்கு ஆதாரமாகக் காட்டியது. எங்கள் அரசியலைத் தடுக்க நடத்தையைச் சாக்காகச் சொல்கிறார்கள் என்பது எதிர்த்தரப்பின் வாதம். ‘லெம்மிகிராட்’ என்ற மார்க்சிய-லெனினிய சர்வரும் இப்படிப் பல இடங்களில் தடைப் பட்டியலில் இருக்கிறது. லெம்மியை உருவாக்கியவர்களே தங்களைக் கம்யூனிஸ்டுகள் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்பவர்கள். ஆனாலும் யார் யாரோடு பேசலாம் என்று விதிக்க அவர்களாலும் முடியாது. இந்த அமைப்பின் பலமும் அதுதான், வலியும் அதுதான்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தடுக்கப்பட்ட சர்வர் மூடப்படுவதில்லை. ஹெக்ஸ்பேரில் அன்றும் இன்றும் ஆட்கள் எழுதுகிறார்கள். பறிபோவது அடுத்தவர் வாசலுக்கு வந்து பேசும் வாய்ப்பு மட்டுமே. அரசு ஒரு தளத்தை முடக்குவதையும் இதையும் ஒரே பெயரால் அழைப்பது தவறு. இந்த ஆயுதம் புதியதும் அல்ல. 1997 ஆகஸ்டில், குப்பை விளம்பரங்களைக் கட்டுப்படுத்தவில்லை என்பதற்காக யூயூநெட் என்ற பெரிய இணைய நிறுவனத்திலிருந்து ‘யூஸ்நெட்’ விவாதக் குழுக்களுக்கு வந்த பதிவுகளை மற்றவர்கள் சேர்ந்து நீக்கினார்கள். சில நாட்களிலேயே அந்த நிறுவனம் தன் பக்கத்தைச் சரிசெய்ய முன்வந்தது.

எல்லாத் தடைக்கும் அரசியல்தான் காரணம் என்றும் இல்லை. 2023 ஜூனில் ‘பீஹா’ என்ற சர்வர் லெம்மி.வேர்ல்டைத் தடுத்தது. யார் வேண்டுமானாலும் நொடியில் கணக்குத் தொடங்கும் இடத்திலிருந்து வரும் கூட்டத்தைக் கண்காணிக்க எங்களிடம் ஆளும் இல்லை, கருவியும் இல்லை என்றது பீஹா. விளைவு விசித்திரமாக இருந்தது. மூன்றாவதாக ஒரு சர்வரில் நடக்கும் உரையாடலில் இரு தரப்பினரும் கலந்துகொள்ளலாம். பீஹாக்காரர் எழுதுவதை லெம்மி.வேர்ல்டுக்காரர் படிப்பார், அவர் எழுதும் பதில் பீஹாவுக்குப் போய்ச் சேராது. ஒரே உரையாடல், இருவருக்கு இரு வடிவம். தன் பதில் எதிராளிக்குத் தெரியவில்லை என்பதே பலருக்குத் தெரியாது.

அட்மின் எடுக்கும் முடிவின் விலையைக் கொடுப்பது இவர்களைப் போன்ற சாதாரணப் பயனர்கள்தான். 2022-இல் எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கியபின் பத்திரிகையாளர்களுக்கென ‘ஜர்னா.ஹோஸ்ட்’ என்ற சர்வர் தொடங்கப்பட்டது. திருநர் பற்றிய சில பதிவுகளை அது கையாண்ட விதம் பிடிக்காமல் பல சர்வர்கள் அதைத் தடுத்தன. அந்தச் சர்ச்சையில் சம்பந்தமே இல்லாத செய்தியாளர்களும் தங்கள் வாசகர்களை இழந்தார்கள். தடையால் யார் யாருடனான தொடர்பு அறுந்தது என்று பயனருக்குத் தெரிவிக்கும் வசதியே மாஸ்டடானில் 2024 அக்டோபரில் வெளியான 4.3 பதிப்பில்தான் வந்தது. வேறு சர்வருக்குக் குடிபெயரலாம். மிஞ்சியிருக்கும் பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள். எழுதிய பழைய பதிவுகள் வராது.

வெறுப்பைப் பரப்புவோரைத் தடுக்கும் உரிமை சர்வர் நடத்துபவருக்குக் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் தாக்குதலுக்கு ஆளாகும் சிறுபான்மையினருக்கு இந்த உலகில் இடமே இருக்காது. ஆனால் காரணத்தையும் ஆதாரத்தையும் வெளியில் வைக்காமல், யாரோ தயாரித்த பட்டியலை அப்படியே ஏற்றி ஒரு சமூகத்தையே வெட்டிவிடுவது அந்த உரிமையைப் பாழாக்கும் செயல்.

2019-இல், உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியபோது, இந்தியாவிலிருந்தும் ஏராளமானோர் மாஸ்டடானுக்குப் போனார்கள். இனியும் போவார்கள். போகிறவர்கள் கணக்குத் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். மாஸ்டடான் சர்வரின் ‘அறிமுகம்’ பக்கத்தில், அட்மின் வெளியிட்டிருந்தால், தடுக்கப்பட்ட சர்வர்களின் பட்டியல் இருக்கும். லெம்மியில் இணைந்தவை, தடுக்கப்பட்டவை இரண்டையும் காட்டத் தனிப் பக்கமே உண்டு. யாரைத் தடுத்திருக்கிறார்கள், காரணம் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். பட்டியலையே காட்டாத சர்வர் என்றால், சேரும் முன் அட்மினிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.