தொகையும் தொகுத்தோரும்: ராப் இசைத்தட்டும் இக்காலப் பாடற்பட்டியும்

பாட்டு ஒன்று தனியே நிற்கும்போது ஒரு பொருள் தருகிறது. பிற பாட்டுகளோடு நிரல்பட வைக்கப்படும்போது மற்றொரு பொருளும் தருகிறது. இவ்வுண்மையைத் தமிழர் நெடுங்காலத்திற்கு முன்னரே உணர்ந்திருந்தனர் என்பதற்கு எட்டுத்தொகையே சான்றாகும். அத்தொகை மரபைத் துணைக்கொண்டு, நம் காலத்து இளைஞரிடையே பெருவழக்காய் உள்ள ராப் என்னும் பாட்டுவகையில் நேர்ந்துள்ள ஒரு மாற்றத்தை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

முன்னாளில் பத்துப் பன்னிரண்டு பாடல்களைக் கொண்ட இசைத்தட்டே ராப் கலைஞன் ஒருவனின் நூலாக மதிக்கப்பட்டது. இந்நாளில், பெருநிறுவனங்களைச் சாராது இயங்குவோர், அஃதாவது இளைஞர் வழக்கில் 'அண்டர்கிரவுண்டு' எனப்படுவோர், இணையவழியே ஒன்றன்பின் ஒன்றாக வெளியிடும் பாடல்களின் நீண்ட பட்டியே அவர்தம் நூலாகி நிற்கிறது. இவ்விரண்டனையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் பழையது உயர்ந்தது என்றோ புதியது உயர்ந்தது என்றோ தீர்ப்புக் கூறி அமைகின்றனர். யாம் தீர்ப்புக்கு முன்னர் வேறுபாட்டையே ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சிக்கு ஒசூர், கிருட்டிணகிரிப் பகுதியை நிலைக்களனாகக் கொள்ளுதல் பொருத்தமுடைத்து. பெங்களூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒசூரில், 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியது. 1980களில் ஊர்தித் தொழிற்சாலைகளும் கைக்கடிகாரத் தொழிற்சாலையும் பெருகின. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் முன்பே வழங்கிய இந்நிலத்தில், இன்று வடநாட்டிலிருந்து வேலைக்கு வந்தோரின் மொழிகளும் கலந்து ஒலிக்கின்றன. தொழிலாளர் விடுதியிலும் பேருந்திலும் இம்மொழிகளின் பாட்டெல்லாம் ஒரே கைப்பேசியில் அடுத்தடுத்துக் கேட்கப்படுகின்றன. எவருடைய பாட்டு, எவ்வாண்டினது, எவ்வூரது என்னும் குறிப்புகள் அங்கே பாட்டுடன் செல்வதில்லை. இக்குறையே எம் ஆராய்ச்சியின் தொடக்கமாம்.

ராப்பின் தோற்றம்

ராப் என்பது, மீண்டு மீண்டு வரும் தாளத்தின்மேல் சொற்களைப் பேச்சோசையில், இயைபு செறிய அடுக்கிச் சொல்லும் முறை. ஹிப்-ஹாப் என்பது இதனோடு இசைத்தட்டுச் சுழற்றலும் ஆடலும் சுவரோவியமும் சேர்ந்த பண்பாட்டிற்குப் பெயர். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், 1973 ஆகஸ்டு 11 அன்று, சமேக்கா நாட்டிலிருந்து குடிவந்த கூல் ஹெர்க் என்பார் தம் தங்கையார் நடத்திய விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றிய நிகழ்ச்சியை இதன் தொடக்கமாகக் கொள்வது மரபு. 1979இல் 'ராப்பர்ஸ் டிலைட்' என்னும் பாடல் இதனை நாடெங்கும் பரப்பியது. 1982இல் வந்த 'தி மெசேஜ்' நகர்ப்புற வறுமையைப் பாடுபொருளாக்கியது. ஆயினும் இக்காலத்தில் தனிப்பாடலே முதன்மை பெற்றிருந்தது. 1980களின் நடுவிலிருந்துதான் இசைத்தட்டு முழுமையான கலைப்படைப்பாக வளர்ந்தது.

செய்யுளின் நால்வகையும் ராப்பும்

தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நான்காகப் பகுக்கும். தனித்து நின்று பொருள் முடிவது முத்தகம். பல பாட்டு ஒரு வினைகொண்டு முடிவது குளகம். ஒருவர் பாடியனவோ பலர் பாடியனவோ பொருள், இடம், காலம், தொழில், பாட்டு, அளவு என்னும் இவற்றுள் ஒன்றால் ஒருங்கு கூட்டப்பெறுவது தொகைநிலை. சொல்லாலேனும் பொருளாலேனும் தொடர்ந்து செல்வது தொடர்நிலை.

இப்பகுப்பை நோக்கிய அளவில், பழைய இசைத்தட்டு தொடர்நிலை என்றும் இக்காலப் பாடற்பட்டி முத்தகங்களின் குவியல் என்றும் கூறத் தோன்றும். யாமும் முதலில் அவ்வாறே கருதினோம். ஆயின் பெருஞ்சிறப்புடைய இசைத்தட்டு ஒன்றை எடுத்து ஆராயும்போது அக்கருத்து நில்லாமை புலனாகும்.

நாஸ் என்பாரின் 'இல்மேட்டிக்' 1994இல் வெளிவந்தது. பத்துப் பகுதிகள், ஏறத்தாழ 40 நிமிடங்கள். இதில் கதைத் தொடர்ச்சி இல்லை. முன்பாட்டு முடிந்தாலன்றிப் பின்பாட்டு விளங்காது என்னும் நிலையும் இல்லை. பின் எதனால் ஒருமைப்பாடு அமைந்தது? குவீன்ஸ்பிரிட்ஜ் என்னும் ஒரு குடியிருப்பு அப்பாட்டுகட்கெல்லாம் நிலைக்களனாதலால் அமைந்தது. தட்டின் இருபுறங்களும் அக்குடியிருப்பை ஒட்டிய தெருக்களின் பெயரால் வழங்கப்பட்டமையும் ஈண்டு நோக்கத்தக்கது. இடத்தால் தொகுத்ததற்குக் களவழி நாற்பதை எடுத்துக்காட்டுவர் உரையாசிரியர், 'இல்மேட்டிக்'கும் அவ்வகையினதே. எனவே அஃது இடம்பற்றிய தொகைநிலை.

இனி, இக்காலத்தார் ஒருவர் பட்டியை நோக்குவோம். கனடா நாட்டெல்லையில் உள்ள பஃபலோ நகரம் ஒரு காலத்தில் இரும்புத் தொழிலால் வாழ்ந்தது. 1980களில் அத்தொழில் நலிந்தது. அந்நகரினரான வெஸ்ட்சைடு கன் என்பார் 2012இல் தொடங்கிய கிரிசெல்டா என்னும் சிறு வெளியீட்டகம், கான்வே, பென்னி முதலியோருடன் கூடி, எண்ணிட்ட தொடர்களாகவும் சிறு தொகுப்புகளாகவும் பாட்டுகளை இடைவிடாது வெளியிட்டது. அவற்றிலும் பஃபலோவின் தெருக்களே மீண்டும் மீண்டும் நிலைக்களனாகின்றன. இதுவும் இடம்பற்றிய தொகைநிலையே. ஆதலின் இலக்கண வகையால் இரண்டும் ஒன்றே என்பது பெறப்படும்.

வேறுபாடு யாண்டையது?

வகை ஒன்றாயின் வேறுபாடு எங்கே உள்ளது? தொகுத்தாரிடத்தே உள்ளது என்பது எம் கருத்து. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர்கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. பாடினோர் ஒருவர், தொகுத்தோர் ஒருவர், தொகுப்பித்தோர் ஒருவர் என மூன்று வினைகள் அங்கே வேறுவேறாய் உள்ளன.

பழைய இசைத்தட்டிலும் இம்மூன்றும் உண்டு. பாடியவர் நாஸ். டி.ஜே. பிரீமியர், பீட் ராக், கியூ-டிப், லார்ஜ் புரொபெசர், எல்.இ.எஸ். என்னும் ஐவர் இசை அமைத்தனர். பொருளுதவி செய்து தொகுப்பித்தது நிறுவனம். இவர் அனைவர்க்கும் மேலாகத் தொகுக்கும் பணியைச் செய்தது ஒலிப்பொருளின் எல்லையே. நெட்டிசைத்தட்டின் ஒரு பக்கம் சற்றேறக்குறைய இருபது நிமிடமே தாங்கும். 1987இல் வந்த எஸ்பி-1200 என்னும் கருவி ஏறத்தாழ 10 வினாடி ஒலியையே நினைவிற் கொள்ளும். ஒலிப்பதிவுக் கூடத்திற்கு மணிக்கணக்கில் கூலி. 1991இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, பிறர் பாட்டின் பகுதியை இசைவின்றி எடுத்தாளுதல் குற்றம் எனத் தீர்ப்பளித்த பின்னர், எடுத்தாண்ட ஒவ்வொரு துணுக்குக்கும் விலை நேர்ந்தது. இடம் குறைவாகவும் செலவு மிகுதியாகவும் இருந்தமையால், வேண்டாதன விலக்கி வேண்டுவன கொள்ளுதல் கட்டாயமாயிற்று.

இந்நாளில் இவ்வெல்லைகள் நீங்கின. வீட்டறையில் ஒரு கணினியும் ஒலிவாங்கியும் போதும். வெளியிடச் செலவு மிகச் சிறிது. எர்ல் ஸ்வெட்ஷர்ட் என்பாரின் 2018ஆம் ஆண்டுத் தொகுப்பில் 15 பாடல்கள் 25 நிமிடத்திற்குள் அடங்குகின்றன. இங்கே சுருக்கம், பொருளின் எல்லையால் வந்தது அன்று. பாடுவோன் தானே விரும்பி மேற்கொண்டது. அடுத்த தொகுப்பு எப்போது, எத்துணைப் பாட்டுடன் வரும் என்பதையும் அவனே முடிவு செய்கிறான். பாடுவோனே தொகுப்போனும் தொகுப்பிப்போனும் ஆயினான். விலக்கும் பணியோ கேட்போன் தலையில் விழுந்தது. இதுவே அடிப்படை வேறுபாடு என்க.

தமிழ் ராப்பில் இம்மாற்றம்

தமிழ் ராப்பின் வரலாறும் இதனை வலியுறுத்தும். மலேசியாவில் பொயட்டிக் அம்மோ என்னும் குழு 1998இல் வெளியிட்ட முதல் தொகுப்பில் தமிழும் ஆங்கிலமும் மலாயும் சீனத்தின் கான்டனீசும் இடம்பெற்றன. அக்குழுவின் யோகி பி, நட்சத்திரா என்னும் பெயரில் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் 2006இல் 'வல்லவன்' என்னும் தமிழ்த் தொகுப்பை வெளியிட்டார். இளையராசா 'நிழல்கள்' (1980) படத்திற்கு அமைத்த பாட்டொன்று அதில் புதுவடிவம் பெற்றது. 'இல்மேட்டிக்'கில் நாஸின் தந்தையார் ஓலு டாரா கார்னெட் வாசித்தார். 'வல்லவனி'ல் தந்தை தலைமுறையின் திரைப்பாட்டு ஒலித்தது. இருவரும் முன்னோர் இசையை அடித்தளமாக்கினர்.

தமிழகத்தில் 2012இல் 'ஹிப்ஹாப் தமிழன்' வந்தது. 2019இல் அறிவு, ஓஃப்ரோ ஆகியோரின் 'தெருக்குரல்' வந்தது. இங்கு ஒன்று கருதத்தக்கது. அமெரிக்காவில் அண்டர்கிரவுண்டு என்பது பெரும் இசை நிறுவனங்களுக்குப் புறம்பானது என்னும் பொருளது. தமிழகத்திலோ அது திரைப்படத்திற்குப் புறம்பானது என்னும் பொருளது. நம் நாட்டில் பாட்டைத் தொகுத்து நிலைபெறச் செய்தது பெரும்பாலும் திரைப்படமே. திரையில் சேராத பாட்டுக்குத் தொகுத்தோர் இலர். எனவே தனித்தியங்கும் தமிழ்க் கலைஞரின் பாட்டு, ஏனை நாட்டாரின் பாட்டினும் எளிதில் மறையும் நிலையில் உள்ளது.

இழப்பும் கடமையும்

இணையத்தில் ஏற்றியது என்றும் அழியாது என்று கருதுவோர் உளர். அது பிழை. மைஸ்பேஸ் என்னும் தளத்தில் 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட இசை, கணினி மாற்றத்தின்போது அழிந்தது என்பது 2019இல் தெரியவந்தது. அழிந்தவை ஏறத்தாழ 5 கோடிப் பாடல்கள் என மதிப்பிட்டனர். பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்காமைக்கு இன்றும் வருந்தும் நாம், நம் கண்முன் நிகழும் இழப்பைப் பொருட்படுத்தாதிருத்தல் தகுமா?

பாடவேறுபாடும் இங்கு உண்டு. எம்எஃப் டூம், மேட்லிப் இருவரும் 2004இல் வெளியிட்ட 'மேட்வில்லனி'யின் முன்வடிவம் வெளியீட்டிற்கு முன்னரே கசிந்து பரவியது. பின்னர் டூம் பல பகுதிகளை வேறு குரலமைதியில் மீண்டும் பதிந்தார். இரண்டு பாடங்களும் இன்று வழங்குகின்றன. ஏடுகளை ஒப்புநோக்கிப் பழகிய தமிழ்த்துறைக்கு இஃது அயலான பணி அன்று.

எல்லாப் பாட்டும் தொகுக்கத் தகுதியுடையவோ என்று வினவலாம். அல்ல, பலவும் ஒருமுறை கேட்டற்கும் உரியவல்ல என்பதை மறுப்பாரில்லை. ஆயின் தெரிதற்கு முன்னர்ச் சேர்த்தல் வேண்டும். சேர்க்காமலே தெரிந்தோம் என்பார், தமக்குக் கிட்டியவற்றையே சிறந்தன என மயங்குவர். பழைய இசைத்தட்டே உயர்ந்தது என்னும் தீர்ப்பிலும் இம்மயக்கம் உண்டு. அக்காலத்து விலக்கப்பட்ட பாட்டுகள் நம் காதிற்கு எட்டுவதில்லை. இக்காலத்து விலக்கப்படாதனவெல்லாம் எட்டுகின்றன. தெரிந்தெடுத்த நெல்லையும் தூற்றாத பொலியையும் ஒப்பிட்டுப் பொலியைப் பழித்தல் முறையன்று.

சேர்க்கும் முறைக்கு வழிகாட்டியும் நம்மிடமே உள்ளது. புறநானூற்றுப் பாட்டின்கீழ்த் திணை, துறை, பாடினோர், பாடப்பட்டோர் என்னும் குறிப்புகள் நிற்கின்றன. அக்குறிப்புகள் இலவேல் நம் பண்டை வரலாற்றில் ஒரு பெரும்பகுதி இருளிற் கிடக்கும். கிருட்டிணகிரி, தருமபுரி நிலத்து நடுகற்களும் அன்னவே. எம்மன்னனின் எத்தனையாம் ஆண்டு, எவ்வூர், எவர் சேவகன், எந்நிகழ்ச்சியில் பட்டான் என்பவற்றை ஒரு சில வரிகளில் வட்டெழுத்தில் பொறித்து வைத்தனர். ஆனிரை மீட்டுப் பட்ட எளிய மறவனுக்குக் கிடைத்த அக்குறிப்பு, அதே நிலத்தில் இரவு முறை வேலை முடித்து வந்து கைப்பேசியில் பாட்டுப் பதியும் இளைஞனுக்கும் கிடைத்தல் வேண்டும்.

ஆண்டு, ஊர், பாடியவர், தாளம் அமைத்தவர், எடுத்தாண்ட பழம்பாட்டு, கலந்த மொழிகள், பாடவேறுபாடு என்னும் ஏழனையும் ஒவ்வொரு பாட்டுக்கும் குறித்தல் போதும். எல்லைப்புறத்திற்கு மொழிக்குறிப்பு இன்றியமையாதது. பெங்களூரில் புரோதா வி, ஸ்மோக்கி தி கோஸ்ட் முதலியோர் கூடி அமைத்த குழு 'மச்சாஸ் வித் ஆட்டிட்யூட்' என்னும் பெயர் பூண்டது. தமிழரின் முறைப்பெயர் எல்லை கடந்து தோழமை விளியாகி ஓர் ஆங்கில ராப் குழுவின் பெயரில் ஏறியிருத்தலை மொழியாராய்வோர் எளிதில் விடலாகாது.

முடிவாக, இசைத்தட்டும் பாடற்பட்டியும் தொகைநிலை என்னும் ஒரே வகையின. முன்னதற்குத் தொகுத்தோர் உளர், பின்னதற்கு இலர். ஆதலின் பின்னதன் குறை பாடுவோரின் ஆற்றற்குறை அன்று. தொகுக்க வேண்டியோர் தொகுக்காமையே அக்குறை. பூரிக்கோவின் பணி காத்திருக்கிறது. தமிழ் பயிலும் முதுகலை மாணாக்கர் சிலர், தம் ஊரில் வழங்கும் பாட்டுகளைக் குறிப்புடன் சேர்க்கத் தொடங்கின், அப்பணி இனிது நிறைவேறும் என்பது எம் துணிபு.