மணி அடிக்கும் செல்போன்

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் பள்ளிக்கூடங்களுக்குக் குறைவில்லை. 1876-ல் இங்கு வந்து, 1908-ல் காலமாகும் வரை ஊரை வளர்த்த மிஷனரி கேனன் மர்காஷிஸ் பெயரில் பள்ளியும் உண்டு, கல்லூரியும் உண்டு. அன்றைக்குப் பள்ளி மணி ஒன்றுதான் பிள்ளைகளை விரட்டியது. இன்றைக்கு மணி சட்டைப்பையிலேயே இருக்கிறது. படிக்கக் கூப்பிடுவதும் அதுதான், ரீல்ஸுக்கு இழுப்பதும் அதுதான். வில்லங்கமே அங்கேதான்.

நேரத்தைத் திட்டமிட உதவும் செயலிகள் ப்ளே ஸ்டோரில் கொட்டிக் கிடக்கின்றன. முடியாமல் நிற்கும் வேலை மனசை அரித்துக்கொண்டே இருக்கும் என்று 1927-லேயே சொன்னவர் உளவியலாளர் புளூமா செய்கார்னிக். எப்போது, எப்படிச் செய்யப் போகிறோம் என்று திட்டமிட்டுவிட்டாலே அந்த அரிப்பு அடங்குகிறது என்பது 2011-ல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் இருவரும் நடத்திய சோதனைகளின் முடிவு. ஆகவே, 'வேதியியல் படிக்கணும்' என்று செயலியில் தட்டிவைத்துப் பயனில்லை. 'செவ்வாய் இரவு 7 மணி, மூன்றாம் பாடம், பின்பக்கக் கணக்கு முதல் ஐந்து' என்று எழுத வேண்டும். கூகுள் டாஸ்க்ஸ் போதும், காசு கிடையாது.

நம் பக்கத்துச் சரக்கும் ஒன்று உண்டு. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ என்ற மென்பொருள் நிறுவனம், 2016-ல் 'நோட்புக்' செயலியைக் கொண்டுவந்தது. குறிப்பு, செய்யவேண்டிய பட்டியல், படம், குரல் பதிவு எல்லாம் அதில் அடங்கும். விளம்பரத் தொல்லை இல்லை.

'ஃபாரஸ்ட்' செயலி வேறு ரகம். படிக்க உட்காரும்போது அதில் ஒரு விதை போட வேண்டும். இடையில் வேறு செயலிக்குத் தாவினால் செடி பட்டுப்போகும். கேட்கச் சின்னப்பிள்ளை விளையாட்டு. ஆனால் பட்ட செடியைப் பார்க்க யாருக்கும் மனசு வராது. இத்தாலியில் மாணவராக இருந்தபோது பிரான்செஸ்கோ சிரில்லோ, தக்காளி வடிவ சமையலறைக் கடிகாரத்தை வைத்துத் தொடங்கிய 25 நிமிடப் படிப்பு, 5 நிமிட ஓய்வு முறைக்கும் செயலிகள் பல உண்டு. அதற்குத் தனிச் செயலி வேண்டாம் என்பேன். போனிலுள்ள டைமரே தாராளம்.

அம்மாவின் போனை இரவல் வாங்கிப் படிக்கும் பிள்ளைகள் ஒரு நோட்டிலேயே பட்டியல் போடலாம். அலாரம் மட்டும் போனில் வைத்தால் போதும். வண்ண வண்ணமாக அட்டவணை போடுவதிலேயே சாயங்காலத்தைத் தொலைப்பவர்களுக்கு எந்தச் செயலியும் உதவாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளை போனை எடுத்ததுமே சத்தம் போடாதீர்கள். இன்றைய பட்டியலைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.