நரைமுடிக் கள்ளி: ரோஜாக் குடிலில் இடம் கொடுக்கலாமா?

ஓசூர், தளி பகுதியில் பசுமைக்குடில் என்றாலே ரோஜாவும் ஜெர்பராவும்தான். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், மிதமான வெப்பம், 40 கி.மீ. தூரத்தில் பெங்களூரு சந்தை. இந்தச் சாதகங்கள் அலங்காரக் கள்ளிகளுக்கும் பொருந்தும். அவற்றில் பலரும் விசாரிப்பது, உடல் முழுக்க வெள்ளை முடி போர்த்திய 'ஓல்டு மேன்' கள்ளி. தாவரவியல் பெயர் செபலோசீரியஸ் செனிலிஸ்.

இதன் தாயகம் மெக்சிகோ. அங்குள்ள சுண்ணாம்புப் பாறைச் சரிவுகளில் தூண்போல உயர்ந்து வளரும். கடும் வெயிலையும் குளிரையும் தாங்க உதவும் கவசம்தான் அந்த முடி. வாங்குபவர் பார்ப்பதும் அதைத்தான். முடி அழுக்கானால், செடி நன்றாக இருந்தாலும் விலை போகாது.

குளிர்நாடுகளில் குளிரைத் தடுக்கக் கண்ணாடிக்குடில் போடுகிறார்கள். நமக்குக் கூரை தேவைப்படுவது மழையைத் தடுக்க. இதை மறந்து, ரோஜாவுக்குப் பனித்தூவல் ஓடும் இடத்திலேயே கள்ளியை வைத்தால் வேர் அழுகும், முடியும் பழுப்பாகும். எனவே காற்றோட்டமும் நல்ல வெளிச்சமும் உள்ள உலர்ந்த பகுதியைத் தனியாகத் தடுத்து, மேடை அமைத்துத் தொட்டிகளை வையுங்கள். வெளிச்சம் குறைந்தால் தண்டு மெலியும், முடியும் அடர்த்தியாக வராது.

தென்னைநார்க் கழிவை மட்டும் நிரப்பாதீர்கள். அது ஈரத்தை அதிக நாள் பிடித்து வைக்கும். பருமணல், செங்கல் துண்டு, மட்கிய இலை உரம் மூன்றையும் சம அளவு கலக்கலாம். கலவை முழுதும் காய்ந்த பிறகே, செடி மேல் படாமல் அடியில் தண்ணீர் விடுங்கள். மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் இடைவெளியை நீட்டுங்கள். தழைச்சத்து அதிகமானால் தண்டு மென்மையாகி எளிதில் அழுகும்.

மாவுப்பூச்சியும் வெள்ளை, முடியும் வெள்ளை என்பதால் தாக்குதல் தெரியாமலே பரவும். வாரம் ஒருமுறை முடியை விலக்கிப் பாருங்கள். தொட்டி மாற்றும்போது வேரிலும் வெள்ளைப் படிவு உள்ளதா என்று கவனியுங்கள். பாதித்த செடியை உடனே தனியே பிரித்து வையுங்கள்.

விதையிலிருந்து வளர்ப்பது மலிவு. ஆனால் வளர்ச்சி மிக மெதுவு. விற்பனை அளவுக்கு வரச் சில ஆண்டுகள் பிடிக்கும். டிராகன் பழத் தண்டில் ஒட்டுக் கட்டினால் நாற்று வேகமாக வளரும். ஆனால் எடை கூடும்போது அந்தத் தண்டு தாங்காது. பிறகு வெட்டி, காயம் உலர்ந்தபின் தனியே வேர்விடச் செய்ய வேண்டும்.

இது ரோஜாபோல வாரந்தோறும் பணம் தரும் பயிர் அல்ல. கடன் தவணையை இதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஒரு மேடையில் தொடங்கி, ஒரு மழைக்காலம் தாண்டிய செடிகளை எண்ணிப் பார்த்து, வாங்குவோரிடமும் பேசிய பிறகு விரிவுபடுத்துங்கள். வெளிநாட்டுச் செடி என்றால் இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் உள்ளனவா என்று கேட்டு வாங்குங்கள்.