போனவர்களின் பெயர்ப்பட்டியல்

அயர்லாந்தின் றொஸ்கொமன் மாவட்டத்தில் ஸ்ட்ரோக்ஸ்டவுன் என்றொரு சிற்றூர் உண்டு. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அதையே நம்பியிருந்த குத்தகைக் குடியானவர்கள் பட்டினியில் வீழ்ந்தனர். அவர்களை ஏழைகள் இல்லத்தில் ஓராண்டு பராமரிப்பதிலும் பார்க்க, கப்பற்கூலி கொடுத்து அனுப்பிவிடுவது மலிவு என நிலச்சுவாந்தர் டெனிஸ் மாகனின் முகவர் கணக்கிட்டார். 1847இல் 1490 பேர் கால்வாய்க் கரை வழியே டப்ளின் வரை நடந்து, பின் லிவர்பூலிலிருந்து கனடாவுக்குக் கப்பலேறினர். அவர்களை ஏற்றிய கப்பல்களுள் ஒன்றான 'வெர்ஜீனியசில்' 476 பயணிகளில் 158 பேர் கடலிலேயே மாண்டனர். கனடாவில் அநாதைகளாகிய பிள்ளைகள் பலரைக் கியூபெக்கின் பிரெஞ்சுக் குடும்பங்கள் வளர்த்தெடுத்தன. அவர்களுட் சிலர் தம் அயர்லாந்துக் குடும்பப் பெயரைக் கைவிடவில்லை.

1979இல் அவ்வூர் வாகன வர்த்தகர் ஜிம் கலரி மாகன் குடும்பத்தின் நிலத்தை வாங்கினார். பட்டினி கிடந்த குடியானவர்கள் உதவி கேட்டு எழுதிய விண்ணப்பம் மாளிகையில் அவர் கண்ணிற் பட்டது. கடதாசிகளை அழியவிடாது காத்தார். 1994இல் அங்கே தேசிய பஞ்ச அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2013இல், அநாதையாகக் கனடாவில் வளர்ந்த சிறுவன் ஒருவனின் வழித்தோன்றல் அவ்வூருக்கு வந்தார். 1490 பேர் நடந்த 165 கிலோமீற்றர் வழி இன்று நினைவுப் பாதையாக உள்ளது.

நாம் இங்கு கவனிக்க வேண்டியது ஒன்று. அவை நிலச்சுவாந்தரின் கணக்குகளே. ஆயினும் ஏழைகளின் பெயர்கள் அவற்றிற்றான் எஞ்சின. புலம்பெயர்ந்தோரின் பணத்தை எதிர்பார்க்குமுன், அவர்களின் பெயர்களை ஊர் பேணவேண்டும். பெயர் இருந்தாற்றான் பேரப்பிள்ளைக்குத் திரும்பிவர ஓர் ஊர் இருக்கும்.